பன்றி வளர்ப்போர் அறிய வேண்டிய ஐந்து சுதந்திரங்கள்

கால்நடைப் பாடம்



நமது தோட்டங்களில் மாடு, ஆடு, கோழி வளர்க்கும் குடும்பங்கள் ஏராளம். சில இடங்களில் பன்றியும் வளர்க்கிறார்கள். தோட்டச் சம்பளம் மட்டும் போதாத வீட்டுக்கு, ஒரு தாய்ப்பன்றி ஓர் ஈற்றில் போடும் எட்டு, பத்துக் குட்டிகள் நல்ல கைகொடுப்பு. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, அடகு வைத்த நகை, கூரைத் தகரம் என்று எத்தனையோ காரியங்கள் அந்தக் குட்டிகளை நம்பி நிற்கும்.

அதில் பாதிக் குட்டி முதல் வாரத்திலேயே செத்துப் போனால் என்ன சொல்கிறோம்? "பன்னின்னா அப்பிடித்தான். சாகுறது சாகும், பொழைக்கிறது பொழைக்கும்" என்று விட்டுவிடுகிறோம். இது சரியான பேச்சு அல்ல. பால்குடிக் குட்டிகள் சாவதற்கு முக்கியமான காரணங்கள் குளிர், தாயின் கீழ் நசுங்குதல், பால் கிடைக்காமை ஆகியவை. மூன்றும் பெரும்பாலும் நம் கையில் இருக்கின்றன.

பன்றியை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதற்கு உலகத்தில் சில நியமங்கள் உண்டு. அவற்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம். பன்றி வளர்க்காதவர்களும் வாசியுங்கள். இதே அளவுகோலை உங்கள் மாட்டுப்பட்டிக்கும் ஆட்டுக் கொட்டிலுக்கும் வைத்துப் பார்க்கலாம்.

இந்தப் பேச்சு எங்கே தொடங்கியது?

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பன்றி வளர்ப்பு தொழிற்சாலை போல மாறியது. ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான பன்றிகள். சினைப்பட்ட தாய்ப்பன்றியை இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் நிறுத்தினார்கள். அந்தக் கூண்டில் அது எழும்பலாம், படுக்கலாம். ஆனால் திரும்பிப் பார்க்க முடியாது. சினைக்காலம் முழுவதும் அதே நிலை.

1964இல் இங்கிலாந்தில் ரூத் ஹரிசன் என்ற பெண்மணி "விலங்கு இயந்திரங்கள்" என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். பண்ணைகளுக்குள் என்ன நடக்கிறது என்று அதில் விவரித்தார். மக்கள் கொதித்துப் போனார்கள். அரசாங்கம் பேராசிரியர் பிரம்பெல் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. 1965இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. ஒரு மிருகத்துக்கு ஆகக்குறைந்தது ஐந்து காரியம் செய்ய இடம் வேண்டும் என்றது அந்த அறிக்கை: திரும்ப, தன் உடம்பைச் சுத்தம் செய்ய, எழும்ப, படுக்க, கைகால் நீட்ட. பெரிய ஆசை ஒன்றும் இல்லை, பாருங்கள். அதுகூட இல்லாமல்தான் லட்சக்கணக்கான மிருகங்கள் இருந்தன.

1979இல் பிரித்தானியாவில் அமைக்கப்பட்ட பண்ணை விலங்கு நல சபை, இதை விரித்து "ஐந்து சுதந்திரங்கள்" என்று வகுத்தது. இன்று உலகம் முழுவதும் இதைத்தான் அடிப்படையாக வைத்துப் பேசுகிறார்கள்.

1. பசி, தாகம் இல்லாமல் இருத்தல்
2. உடல் அவதி இல்லாமல் இருத்தல்
3. வலி, காயம், நோய் இல்லாமல் இருத்தல்
4. தன் இயல்புப்படி நடந்து கொள்ளுதல்
5. பயம், மன உளைச்சல் இல்லாமல் இருத்தல்

சினைப்பன்றியைத் திரும்ப முடியாமல் அடைக்கும் கூண்டுகள் பிரித்தானியாவில் 1999 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், சினைக்குச் சேர்த்து நான்கு வாரம் கழிந்ததிலிருந்து ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பு வரை தாய்ப்பன்றிகளைக் கூட்டமாகவே வைக்க வேண்டும் என்ற விதி 2013 ஜனவரியில் முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. புத்தகம் வெளிவந்து விதி முழுமையாக வருவதற்கு ஏறக்குறைய ஐம்பது வருடம் எடுத்திருக்கிறது. ஏன் இவ்வளவு தாமதம்? கூண்டு முதலாளிக்கு லாபம். மிருகத்தின் நன்மையும் முதலாளியின் லாபமும் எல்லா நேரமும் ஒரே வழியில் போவதில்லை. அதனால்தான் சட்டம் தேவைப்பட்டது.

நம் நாட்டிலும் மிருகங்களைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907இலேயே கொண்டு வரப்பட்டது. அடித்து வதைப்பது, தேவையில்லாத வலி உண்டாகும்படி கட்டிக் கொண்டு போவது ஆகியவை அதில் குற்றமாகச் சொல்லப்பட்டன.

பன்றி எப்படிப்பட்ட மிருகம்?

"அழுக்குப் பன்னி" என்று திட்டுகிறோம். உண்மையில் பன்றி சுத்தம் பார்க்கும் மிருகம். இடம் இருந்தால் அது படுக்கும் இடத்தில் சாணி போடாது. ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்கிக் கொள்ளும். நாம் நெருக்கி அடைப்பதால்தான் அது அழுக்கில் படுக்கிறது.

சேற்றில் புரள்வதற்கும் காரணம் உண்டு. பன்றிக்கு நம்மைப் போல வியர்க்காது. சூடு தணிய ஈரத்தில் புரள்வதுதான் அதற்குத் தெரிந்த வழி.

ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் ஸ்டோல்பா, வுட்-குஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பண்ணைப் பன்றிகளைக் காடு போன்ற ஒரு வேலிக்குள் விட்டுக் கவனித்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொட்டிலில் வளர்ந்த பன்றிகள் அங்கே காட்டுப் பன்றி போலவே நடந்து கொண்டன. பகலில் பாதிக்கு மேற்பட்ட நேரம் மேய்வதிலும் மூக்கால் நிலத்தைக் கிளறுவதிலும் கழிந்தது. குட்டி போடும் நேரம் வந்ததும் தாய்ப்பன்றி கூட்டத்தை விட்டு ஒதுங்கிப் போய், புல்லும் குச்சியும் சேர்த்துக் கூடு கட்டியது. அதாவது, கொட்டிலில் அடைத்து விட்டால் அந்தக் குணம் போய்விடாது. உள்ளே இருந்து கொண்டே இருக்கும். அதற்கு வழி விடாவிட்டால் கம்பியைக் கடிக்கும், வெறும் வாயை மெல்லும், ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும்.

இனி ஐந்து சுதந்திரங்களையும் நம் கொட்டிலுக்குள் கொண்டு வந்து பார்ப்போம்.

முதலாவது: பசியும் தாகமும்

தீனியை விடத் தண்ணீரைத்தான் நாம் மறக்கிறோம். சினைப்பன்றிக்கு நாளைக்கு 10 முதல் 20 லீற்றர் வேண்டும். பால் கொடுக்கும் பன்றிக்கு 20 முதல் 40 லீற்றர் வரை போகும். "காலையில தீனியோட தண்ணி ஊத்தினேனே" என்றால் போதாது. கொழுந்துக்குப் போய் மாலை திரும்பும் வரைக்கும் தொட்டியில் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் பால் குறையும். பால் குறைந்தால் குட்டி சாகும்.

கருவாட்டு மிச்சம், உப்புக் கூடிய சாப்பாட்டு மிச்சம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கொடுக்காமல் விட்டால் ஆபத்து இன்னும் அதிகம். உப்பு விஷமாகிப் பன்றி வலிப்பு வந்து சாகும்.

சினைப்பன்றிக்குக் கொழுப்பு ஏறக் கூடாது என்று தீனியை அளந்துதான் கொடுப்போம். ஆனால் வயிறு காய்ந்தால் அது அமைதியாக இருக்காது. அதனால்தான் ஐரோப்பிய விதியில், சினைப்பன்றிக்கு நார்ச்சத்துள்ள, வயிறு நிறையும் தீனியும் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. நமக்கு இது சுலபம். வத்தாளைக் கொடி, பச்சைப்புல், மரக்கறித் தழை இவை போதும். ஒன்று கவனம்: களைக்கு மருந்து அடித்த மலையில் அறுத்த புல்லைக் கொடுக்காதீர்கள்.

குட்டி விஷயத்தில், பிறந்த முதல் நாள் குடிக்கும் சீம்பால்தான் அதன் உயிர். நோயை எதிர்க்கும் சக்தி குட்டிக்குப் பிறக்கும்போது இல்லை. சீம்பால் வழியாகத்தான் வருகிறது. ஒரு நாள் கழிந்தால் அந்தச் சக்தியைக் குட்டியின் குடல் ஏற்றுக் கொள்ளாது. எனவே சோர்ந்த குட்டியைத் தூக்கி முலையில் வைத்து விடுங்கள்.

இரண்டாவது: குளிர், ஈரம், நெருக்கம்

மலைநாட்டில் வளர்ப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள்.

பிறந்த குட்டியின் உடம்பில் மயிர் குறைவு, கொழுப்பும் இல்லை. முதல் நாட்களில் அதற்கு 32 முதல் 34 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். நுவரெலியாப் பக்கம் இராத்திரியில் எவ்வளவு குளிரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ந்த குட்டி சூட்டைத் தேடித் தாயின் வயிற்றோடு ஒட்டும். தாய் புரண்டு படுக்கும்போது நசுங்கிவிடும். "தாய் நசுக்கிப் போட்டுருச்சு" என்று பன்றியைக் குறை சொல்கிறோம். பல நேரம் கொன்றது குளிர்தான்.

செய்ய வேண்டியது: கொட்டிலின் ஒரு மூலையில் குட்டி மட்டும் நுழையக் கூடிய ஒரு பெட்டி வையுங்கள். பழைய பலகையே போதும். உள்ளே காய்ந்த மானாப்புல் தடிப்பாகப் போடுங்கள். மின்சாரம் இருந்தால் ஒரு பல்பைப் பாதுகாப்பாக மேலே கட்டுங்கள். வயரைப் பன்றி கடிக்காதபடியும், பல்பு புல்லில் படாதபடியும் இருக்க வேண்டும். சுவரோரமாக, நிலத்திலிருந்து 8 முதல் 10 அங்குல உயரத்திலும் சுவரிலிருந்து அதே அளவு தள்ளியும் ஒரு கம்பு அல்லது குழாய் பொருத்துங்கள். தாய் சுவரில் சாய்ந்து படுத்தாலும் குட்டி தப்ப அந்த இடைவெளி உதவும்.

சூடு போதுமா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று குவிந்து கிடந்தால் குளிர். தள்ளித் தள்ளிப் படுத்தால் சூடு அதிகம். பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்து நிம்மதியாகப் படுத்தால் சரி. இரத்தினபுரி, களுத்துறைப் பக்கத் தோட்டங்களில் பிரச்சினை வேறு: அங்கே வளர்ந்த பன்றிக்கு நிழலும், உடம்பில் தெளிக்கத் தண்ணீரும் வேண்டும்.

இடம் எவ்வளவு? ஐரோப்பிய விதிப்படி கூட்டமாக வளரும் ஒரு பன்றிக்கு ஆகக்குறைந்த அளவு இது:

30 முதல் 50 கிலோ வரை: 0.40 சதுர மீற்றர் (சுமார் 4¼ சதுர அடி)
50 முதல் 85 கிலோ வரை: 0.55 சதுர மீற்றர் (சுமார் 6 சதுர அடி)
85 முதல் 110 கிலோ வரை: 0.65 சதுர மீற்றர் (சுமார் 7 சதுர அடி)
கூட்டத்தில் இருக்கும் தாய்ப்பன்றி: 2.25 சதுர மீற்றர் (சுமார் 24 சதுர அடி)

இது கடைசி எல்லை. இதற்குக் கீழே போகக் கூடாது என்று மட்டும்தான் அர்த்தம். சாணி போடத் தனி மூலை வேண்டுமென்றால் இன்னும் கூட்டிக் கொடுங்கள்.

நிலம் சரிவாக இருக்கட்டும். ஈரம் நிற்கக் கூடாது. காற்று சரியா என்று பார்க்க, பன்றியின் மூக்கு மட்டத்துக்குக் குந்தி இரண்டு நிமிடம் இருந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், இரவும் பகலும் அங்கேயே கிடக்கும் பன்றியின் நெஞ்சும் எரியும். கழிவு நீரைப் பீலிக்கோ ஓடைக்கோ விடாதீர்கள். லயத்துக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டு அயலவர்களுக்கு ஈயும் நாற்றமும் கொடுப்பதும் நியாயமல்ல.

மூன்றாவது: வலி, காயம், நோய்

சீமெந்துத் தரையில் வளரும் குட்டிக்கு இரும்புச் சத்துக் குறையும். மண்ணைக் கிளறும் குட்டிக்கு மண்ணிலிருந்து கொஞ்சம் கிடைக்கும்; தாய்ப்பாலில் அது போதாது. குட்டி வெளிறி, மூச்சு வாங்கி, வளராமல் நிற்கும். பிறந்து மூன்று, நான்கு நாட்களுக்குள் இரும்பு ஊசி போடுவது வழக்கம். கால்நடை உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

வாலை வெட்டுவது, பல்லை நறுக்குவது இரண்டையும் வழக்கமாகச் செய்யக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. வால் கடி வந்தால் முதலில் நெருக்கம், தீனி, காற்று, சலிப்பு இவற்றைத்தான் சரி செய்ய வேண்டும். சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் வால் வெட்டாமலேயே பன்றி வளர்க்கிறார்கள். காயடிப்பதும் அப்படியே. பிறந்து ஏழு நாளைக்கு மேல் என்றால் மயக்க மருந்தும் வலி மருந்தும் கொடுத்து வைத்தியரே செய்ய வேண்டும் என்று அங்கே விதி. சவர பிளேட்டை எடுத்துக் கொண்டு நாமே இறங்குவது வேண்டாம். வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

இனிப் பெரிய ஆபத்தைப் பற்றி. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2018 ஓகஸ்டில் சீனாவில் தெரிய வந்து, பிறகு ஆசிய நாடுகளில் பரவியது. 2024 ஒக்டோபரில் இலங்கையிலும் உறுதி செய்யப்பட்டது. மனிதருக்கு இது தொற்றாது. ஆனால் பன்றிக்கு வந்தால் சிகிச்சை இல்லை. கடும் காய்ச்சல், தீனி மறுப்பு, காதும் வயிறும் சிவந்து நீலமாவது, திடீர்ச் சாவு இவை அறிகுறிகள்.

இந்தக் கிருமி இறைச்சியில் நீண்ட நாள் உயிரோடு இருக்கும். ஆகவே ஹோட்டல் மிச்சம், கலியாண வீட்டு மிச்சம் கொடுக்கிறவர்கள் மிகவும் கவனம். 2001இல் பிரித்தானியாவில் வந்த கோமாரி நோய்க்கு, சரியாகக் காய்ச்சாத மிச்சத்தைத் தின்ற ஒரு பண்ணையின் பன்றிகளிலிருந்தே தொடக்கம் என்று கண்டார்கள். அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட மிருகங்கள் கொல்லப்பட்டன. இறைச்சி கலந்த மிச்சத்தைக் கொடுக்காமல் விடுவதே நல்லது. கிருமி சாக, 90 பாகையில் ஒரு மணித்தியாலம் கிளறிக் கிளறிக் காய்ச்ச வேண்டும் என்பது உலக விலங்கு சுகாதார அமைப்பின் அளவு.

சந்தேகம் வந்தால் விற்காதீர்கள், வெட்டாதீர்கள், செத்ததை ஓடையில் போடாதீர்கள். உடனே அரசாங்க மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். "சொன்னா பிடிச்சிட்டுப் போயிருவாங்க" என்று பயந்து மறைத்தால், அயல் தோட்டத்து ஏழையின் பன்றியும் போகும்.

பன்றியை மேய விட்டு வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனித மலம் தின்னும் பன்றியின் இறைச்சியில் நாடாப்புழுவின் இளம்புழுப் பைகள் உருவாகும். அரைவேக்காட்டு இறைச்சி வழியாகப் புழு மனிதரின் குடலுக்கு வரும். அந்த மனிதரின் மலத்திலுள்ள முட்டை வாய்க்குள் போனால், மூளையையும் தாக்கி வலிப்பை உண்டாக்கும். மலசலகூடமும் மூடிய கொட்டிலும் நம் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

நான்காவது: இயல்புப்படி இருத்தல்

இதற்குத்தான் ஆகக் குறைந்த செலவு. இதைத்தான் ஆகக் குறைவாகச் செய்கிறோம். பன்றிக்குக் கிளறவும் மெல்லவும் ஏதாவது வேண்டும். தினமும் ஒரு கட்டுக் காய்ந்த புல், கொஞ்சம் தழை, சுத்தமான செம்மண் ஒரு சட்டி போடுங்கள். வால் கடியும் சண்டையும் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

குட்டி போடும் நாளை முன்கூட்டிக் கணக்குப் பண்ணுங்கள். சினைக்காலம் 114 நாள். "மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள்" என்று ஞாபகம் வைக்கலாம். ஜனவரி 1இல் சேர்த்தால் ஏப்ரல் 25 அளவில் ஈனும். ஈனுவதற்கு முந்தின நாளிலிருந்து தாய் கூடு கட்டத் தேடும். அப்போது நிறைய மானாப்புல் கொடுங்கள். அந்த நாளில் சங்கிலி போட்டுக் கட்டி வைப்பது பெரிய கொடுமை.

குட்டியை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். 28 நாளாவது தாயோடு இருக்கட்டும் என்பதுதான் பொது விதி.

ஐந்தாவது: பயம் இல்லாமல்

கத்தினால், அடித்தால் பன்றி பயந்து ஓடும்; வைத்த வழியில் போகாது. தடியை வைத்துவிட்டு ஒரு அகலமான பலகையைப் பிடித்துப் பின்னால் மெதுவாக நடங்கள். பன்றி இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போக விரும்பும். இதைத் தெரிந்து வைத்தாலே பாதி வேலை முடியும்.

விற்கும் நாளில்தான் அதிகக் கொடுமை நடக்கிறது. நாலு காலையும் கட்டித் தடியில் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தூக்கிப் போவதும், வாகனத்தில் ஒன்றன் மேல் ஒன்று போடுவதும் நிறுத்தப்பட வேண்டும். சரிவுப் பலகை வைத்து நடத்தி ஏற்றுங்கள். வெயில் ஏறுமுன் கொண்டு போங்கள். மிரண்டு துடித்துச் செத்த பன்றியின் இறைச்சி வெளிறி, மென்மையாகி, தண்ணீர் விடும் என்பது வியாபாரிக்கும் தெரியும். ஐரோப்பிய நாடுகளில் மயக்கிய பிறகே பன்றியை வெட்டுகிறார்கள். கடைசி நிமிடத்திலும் வலி குறைய வேண்டும் என்பதே காரணம்.

"இதுக்கெல்லாம் காசு எங்க?"

"நமக்கே லயத்துல எடம் இல்ல. பன்னிக்கு எங்க எடம் பாக்குறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் பல பேர் படுத்து எழும்பும் குடும்பத்துக்கு, நெருக்கம் என்றால் என்ன, ஈரத் தரை என்றால் என்ன என்று வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால்தான் இந்தப் பாடம் உங்களுக்குச் சீக்கிரம் விளங்கும். மனிதனுக்கு நல்ல வீடு கேட்பதும், மிருகத்துக்குக் காய்ந்த படுக்கை கொடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரல்ல.

இடம் இல்லை என்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள். நாலு பன்றியை நெருக்கி வைத்து இரண்டைச் சாகக் கொடுப்பதை விட, இரண்டை நன்றாக வளர்ப்பது மேல். மேலே சொன்னவற்றில் பலகைப் பெட்டி, காய்ந்த புல், தொட்டி நிறையத் தண்ணீர், அதட்டாத கை இவற்றுக்குப் பெரிய பணம் வேண்டாம், கவனம் வேண்டும். ஆயிரம் பன்றி வைத்திருக்கும் பண்ணைக்காரரால் ஒவ்வொரு பன்றியின் முகத்தையும் பார்க்க முடியாது. உங்களால் முடியும். சின்னதாக வளர்ப்பவரின் பெரிய பலம் இதுதான்.

சில காரியங்களில் லாபம் கையில் தெரியாது. வலி மருந்துக்குக் கொடுக்கும் காசு இறைச்சி நிறையில் திரும்பி வராது. அதையும் செய்ய வேண்டும். நம்மை நம்பி அடைபட்டுக் கிடக்கும் உயிர் அது. பிரித்தானியாவின் அதே விலங்கு நல சபை 2009இல், துன்பம் இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, வாழத் தகுந்த ஒரு வாழ்வு மிருகத்துக்கு இருக்க வேண்டும் என்று ஒரு படி மேலே சென்று சொன்னது.

கொட்டிலுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்

1. தொட்டியில் இப்போது தண்ணீர் இருக்கிறதா? நானே குடிக்கும் அளவுக்குச் சுத்தமா?
2. படுக்கும் இடம் காய்ந்திருக்கிறதா? குட்டிகள் குவிந்து கிடக்கின்றனவா?
3. எல்லாப் பன்றியும் தீனிக்கு எழும்பி வந்ததா? நொண்டல், காயம், கழிச்சல் உண்டா?
4. கிளறவும் மெல்லவும் இன்று என்ன கொடுத்தேன்?
5. நான் உள்ளே போனதும் என்னிடம் வருகிறதா, சுவரோடு ஒதுங்குகிறதா?

ஐந்தாவது கேள்விக்கான பதிலைப் பன்றியே சொல்லும். தினமும் காலையில் பிரட்டுக்குப் போகுமுன்னும், மாலையில் வந்த பின்னும் இந்த ஐந்தையும் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். பிள்ளைகளையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள், அவர்களும் பழகட்டும்.